சம்பள வீடும் மஞ்சள் வீடும்: கல்லூரிச் செலவுக்கு இரண்டு கணக்குகள்

ஈரோடு நகருக்குள் அரசு அலுவலக உதவியாளர் ஒருவரின் வீடு. கொடுமுடி போகிற வழியில், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடுகிற விவசாயி ஒருவரின் வீடு. இரண்டு வீட்டுப் பெண்களும் கலந்தாய்வில் இடம் பெற்று, கோவையில் ஒரே சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். இந்தப் பக்கம் பார்க்கக் கிடைக்கிற பல குடும்பங்களைச் சேர்த்து வரைந்த வகைமாதிரிகள் இவை. சொல்லப்போகும் வரவுசெலவுத் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் அவற்றின் விகிதம் இப்பகுதிப் பெற்றோருக்குப் புதிதாக இருக்காது.

கல்லூரிக் கட்டணம் அதிகம் என்பது எல்லோரும் சொல்வது, அது உண்மையும்கூட. ஆனால் இந்த இரண்டு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. குடும்பத்தைத் திணற வைப்பதில் கட்டணத்தின் அளவுக்கு இருக்கிற அதே பங்கு, பணம் வருகிற மாதத்துக்கும் போகிற மாதத்துக்கும் உள்ள இடைவெளிக்கும் இருக்கிறது. அந்த இடைவெளி இரண்டு வீடுகளிலும் நேர் எதிர்த் திசையில் திறக்கிறது.

முதலில் செலவு. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. இந்தப் பெண்களுக்கு 55,000 என்று வைத்துக்கொள்வோம். விடுதி அறை வாடகை 25,000. தேர்வுக் கட்டணம், புத்தகம், ஆய்வக அங்கி, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று பல பெயர்களில் இன்னொரு 25,000. ஆக ஜூலையில் ஒரே மூச்சில் 1,05,000 ரூபாய். இதற்கு மேல் மாதாமாதம் மெஸ் பில் 5,000, ஊருக்கு வந்துபோக, போன் ரீசார்ஜ் செய்ய, கைச்செலவுக்கு என்று 2,000. ஆண்டில் பத்து மாதம் இது ஓடும். மொத்தத்தில் 1,75,000.

சம்பள வீட்டுக்கு மாதம் 7,000 பெரிய சுமையாகத் தெரிவதில்லை. முதல் தேதி சம்பளம் ஏறுகிறது, இரண்டாம் தேதி மகளுக்கு ஜிபே போகிறது. சிக்கல் ஜூலையில்தான். பிடித்தம் போகக் கைக்கு வருவது 60,000. அதில் வீட்டுக் கடன் தவணை 22,000. மீதி 38,000க்கும் வீட்டில் ஏற்கெனவே பெயர் எழுதியாகிவிட்டது. பக்கத்து வீட்டாருக்கு இது பத்திரமான குடும்பம். உள்ளே, ஒரு லட்சத்தை மொத்தமாகப் புரட்ட இடமில்லாத குடும்பம்.

முந்தைய தலைமுறை அரசு ஊழியருக்கு இந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. பொது வருங்கால வைப்பு நிதியில் பிள்ளைகளின் மேற்படிப்புக்கென்று முன்பணம் எடுக்கலாம். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தார்கள். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் மாதாமாதம் பிடிக்கப்பட்டது. நடுவில் முன்பணம் எடுக்க வழியில்லாமல் போனது. ஓய்வூதியம் பற்றிய போராட்டங்கள் பேசப்பட்ட அளவுக்கு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்தக் கதவு அடைபட்டது பேசப்படவில்லை. அந்த ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள்.

ஆகவே சம்பளக்காரர் ஏலச்சீட்டுக்குப் போகிறார். மாதம் 5,000 வீதம் இருபது பேர், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. சேமிப்பு என்ற அளவில் நல்ல பழக்கம். ஆனால் அவருக்குப் பணம் வேண்டியிருக்கிற ஜூன், ஜூலையில்தான் சீட்டில் இருக்கிற மற்றப் பெற்றோருக்கும் வேண்டியிருக்கிறது. போட்டியில் தள்ளு, அதாவது சீட்டை எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை, ஏறுகிறது. அவசரக்காரர் கூடுதலாகத் தள்ளி எடுக்க, ஒரு லட்சத்துக்கு எண்பதாயிரமோ அதற்குக் குறைவோதான் கைக்கு வருகிறது. பதிவுபெற்ற சீட்டு என்றால் நடத்துபவரின் கழிவு வேறு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது ஏழு சதவீதம் வரை போகலாம். சீட்டை முந்தைய ஆண்டே தொடங்கிக் கடைசி மாதங்கள் ஜூலையில் விழும்படி பார்த்துக்கொள்கிறவர்கள் தப்பிக்கிறார்கள். அதைவிட எளிது, மகள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே வங்கியில் மாதம் 8,750க்கு ஆர்.டி. போடுவது. பன்னிரண்டு மாதத்தில் ஜூலைப் பணம் தயார். இதைத் தெரியாதவர்கள் குறைவு, செய்கிறவர்கள் அதைவிடக் குறைவு. அந்த வயதில் ட்யூஷனுக்கும் நீட் பயிற்சிக்கும் அதே 8,750 போய்க்கொண்டிருக்கும்.

மஞ்சள் வீட்டில் எல்லாம் தலைகீழ். அங்கே மொத்தப் பணம் வரும், மாதப் பணம் வராது.

வைகாசி, ஆனியில் நடுகிற மஞ்சள் தை முதல் பங்குனி வரை வெட்டுக்கு வருகிறது. வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து ஏலத்துக்குப் போகும்போது பணம். ஒரு ஏக்கரில் காய்ந்த மஞ்சள் இருபது குவிண்டால் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். குவிண்டால் 12,000 போனால் 2,40,000. 6,000 போனால் 1,20,000. விதை, உரம், களை, வெட்டுக்கூலி, வேகவைக்கும் செலவு எல்லாம் போகக் கையில் நிற்பது ஒன்றுமில்லை. இது கற்பனை ஊசலாட்டம் இல்லை. 2010 இறுதியில் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012இல் 5,000க்கும் கீழே விழுந்தது. 2010 விலையை நம்பி மகனைச் சேர்த்தவர்கள் மூன்றாம் செமஸ்டருக்குள் நிலைகுலைந்தார்கள்.

ஆனால் மஞ்சளுக்கு ஒரு குணம் உண்டு. தக்காளியைப் போல அழுகாது. நல்ல மூட்டையை ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுகூடக் கிடங்கில் வைத்திருக்கலாம். பங்குனியில் எல்லாவற்றையும் விற்காமல், ஜூலைக் கட்டணத்துக்கென்று சில மூட்டைகளை ஒதுக்கி வைப்பது இங்கே பழைய வழக்கம். கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மூட்டையை ஈடாக வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்குவதும் உண்டு. சம்பளக்காரர் போடத் தவறிய ஆர்.டி.யை இவர் மூட்டையாகப் போட்டு வைத்திருக்கிறார். வட்டி விலை ஏற்றமாக வரலாம், வராமலும் போகலாம்.

மூட்டை போதாதபோது நகை. இந்த விஷயத்தில் இரண்டு வீடுகளின் மனமும் வேறு. சம்பள வீட்டில் நகை என்றால் மகளின் கல்யாணம். அதை அடகு வைப்பது வெளியில் தெரியக்கூடாத காரியம். மஞ்சள் வீட்டில் அது பண்ணையத்துக்கான கருவி. நடவுக்கு வங்கிக்குப் போகும், வெள்ளாமை வந்ததும் வீட்டுக்கு வரும். ஜூலையில் ஒன்பது சதவீதத்துக்கு ஒரு லட்சம் வாங்கி ஏப்ரலில் மீட்டால் வட்டி 6,750 ரூபாய். கட்டணம் கட்ட இதைவிட மலிவான வழி கிடைப்பது கடினம். மஞ்சள் விலை விழுகிற ஆண்டில்தான் இது கழுத்தை இறுக்கும். வட்டியை மட்டும் கட்டிக் கடனை நீட்டிக்க எல்லா வங்கிகளும் விடுவதில்லை. விடாத இடத்தில் அசலையும் முழுதாகக் கட்டினால்தான் மறு அடகு. அந்த ஒரு நாளுக்கு ஒரு லட்சம் கைமாற்றுத் தருகிறவரிடம் போய் நிற்க வேண்டும். அங்கே வட்டி நாளுக்குத்தான்.

இனி அந்த வீட்டின் மாதப் பணம். அதைப் பார்க்கக் கட்டுத்தரைக்குப் போக வேண்டும். இரண்டு கறவை மாடு, நாளுக்குப் பத்து லிட்டர். 2023 டிசம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ஆக்கியது. அந்த விலைக்கு மாதம் 11,400. தவிடு, புண்ணாக்கு, தீவனம் போகப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 5,000 மிஞ்சும். மெஸ் பில்லும் 5,000. இந்தப் பணம் அம்மாவின் கையில். மஞ்சள் பணத்தில் கை வைப்பது பற்றி அப்பா யாரிடமும் கேட்பதில்லை. பால் பணத்தைக் கேட்டால் பதில் இப்படி வரும்: “ஏனுங்க, பால் காசுல கை வெச்சீங்கன்னா புள்ளைக்கு மெஸ்ஸுக்கு எதைங்க கட்டறது?”

மாடு எல்லா மாதமும் கறக்காது. கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் வற்றவிட வேண்டும். இரண்டு மாடும் ஒரே சமயத்தில் வற்றினால் மெஸ் பாக்கி விழுந்துவிடும். பாக்கி வைத்தால் ஹால் டிக்கெட் நிற்கும் என்ற பயம் பிள்ளைக்கு. அதனால் ஆறு மாத இடைவெளியில் சினைப்படும்படி அம்மா பார்த்துக்கொள்கிறார். குடும்ப வரவுசெலவைப் பற்றி எழுதப்படுகிற புத்தகங்களில் இந்தத் திட்டமிடலுக்கு இடமில்லை. நான் பார்த்தவரையில் இதைவிடத் துல்லியமான மாதக் கணக்கு வேறு இல்லை. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், மகளின் பஸ் செலவுக்கும் ரீசார்ஜுக்கும் ஓடிவிடும்.

மஞ்சள் வீட்டுக்கு இன்னொரு உதவி உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணத்தில் 25,000 குறைகிறது. பெண் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றிருக்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரமும் வந்திருக்கும். கடன் பட்டாவது மெட்ரிக் பள்ளியில் சேர்த்ததன் விலை இப்போதுதான் தெரிகிறது.

கல்விக்கடன் இரண்டு வீட்டுக்கும் பொது. நான்கு லட்சம் வரை வங்கி சொத்து ஈடு கேட்கக்கூடாது. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. அந்தக் காலத்துக்கு வட்டி தனிவட்டியாகச் சேரும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், பத்து சதவீத வட்டி என்றால் ஐந்தாம் ஆண்டு முடிவில் சேர்ந்திருக்கும் வட்டி 1,40,000. கடன் 5,40,000 ஆகி நிற்கும். ஏழு ஆண்டில் அடைக்க மாதத் தவணை 8,965 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டி வந்தால் கடன் நான்கு லட்சத்திலேயே நிற்கும், தவணை 6,640. மாதம் 2,325 ரூபாய் வித்தியாசம், ஏழு ஆண்டுக்கு.

சம்பள வீட்டுக்கு இந்த வட்டியைக் கட்டுவது முடிகிற காரியம். முதல் ஆண்டில் மாதம் 833 ரூபாய்தான், நான்காம் ஆண்டில் 3,333. பல வங்கிகள் இப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன. ஆனாலும் ‘படித்து முடிக்கும்வரை கட்ட வேண்டாம்’ என்ற வாக்கியத்தை அந்த வீடு சலுகையாக எடுத்துக்கொள்கிறது. அதே வாக்கியம் மஞ்சள் வீட்டுக்கு உண்மையிலேயே சலுகை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியோ பாடமோ தேசிய அங்கீகாரம் பெற்றிருந்தால், தவணை இல்லாத காலத்து வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்கிறது. வட்டாட்சியர் தருகிற வருமானச் சான்றைத் தவறாமல் கொடுக்க வேண்டும். அதை மறந்து மானியத்தை இழக்கிறவர்கள் உண்டு. சம்பளக்காரருக்கு வரிச் சலுகை இருக்கிறதே என்பார்கள். கல்விக்கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறைக்கு மட்டுமே. புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லாத நிலையில், 60,000 வாங்குகிறவருக்கு அதனால் ஆகப்போவது எதுவுமில்லை.

வங்கிக்குள் நுழையும்போது மட்டும் நிலைமை மாறுகிறது. சம்பளச் சீட்டைப் பார்த்ததும் விண்ணப்பம் நகரும். விவசாயியிடம் சிபில் மதிப்பெண் கேட்கப்படும், எப்போதோ தவணை தவறிய பயிர்க்கடன் அதில் எட்டிப்பார்க்கும். கடன் கிடைக்கும், தாமதமாக. அதற்குள் ஜூலை முடிந்து நகை போய்விட்டிருக்கும்.

பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்பதிலும் இரண்டு வீடும் ஒன்றல்ல. மஞ்சள் வீட்டுப் பெண் விடுதியில் இருந்தபடியே அன்றைய ஏல விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். மாடு வற்றியிருக்கிற மாதம் சிம்போசியத்துக்குப் பெயர் கொடுக்கமாட்டாள். சம்பள வீட்டுப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ‘அவ நல்லா படிக்கட்டும், இதெல்லாம் எதுக்கு’ என்பது அங்கே பாசம். பெண் கஞ்சத்தனமானவளோ ஊதாரியோ இல்லை; ஐந்நூறு ஐந்நூறாகக் கேட்கிறாள், வருகிறது, கேட்கிறாள். இந்த ஒன்றில் எனக்கு நடுநிலை இல்லை. பதினெட்டு வயதில் ஓட்டுப்போடுகிற பெண்ணுக்கு, தன் பெயரில் இருக்கிற கடன் எவ்வளவு என்று தெரிந்தே ஆக வேண்டும்.

திருப்பிக் கட்டும் காலம்தான் இரண்டு வீடுகளையும் கடைசியாகப் பிரிக்கிறது. மகள் சேரும்போது சம்பளக்காரருக்கு 52 வயது. தவணை தொடங்கும்போது 57. தமிழக அரசில் ஓய்வு வயது 60. ஏழு ஆண்டுத் தவணை அவரை 64 வரை இழுக்கும், அதில் நான்கு ஆண்டுகள் சம்பளம் இல்லாதவை. ஓய்வுக்குள் முடிக்க வேண்டுமென்றால் நான்கு லட்சத்துக்கு மூன்று ஆண்டில் மாதம் சுமார் 12,900 கட்ட வேண்டும். மகளுக்கு உடனே வேலை கிடைத்தால் அவள் கட்டுவாள். பணி நியமனக் கடிதம் கையில் இருந்தும் சேரும் தேதி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்த பொறியியல் பட்டதாரிகளை 2022க்குப் பிந்தைய ஆண்டுகளில் எல்லோரும் பார்த்தோம்.

விவசாயிக்கு ஓய்வு வயது கிடையாது. 64 வயதிலும் மஞ்சள் நடுவார். அவருடைய தடை வேறு. பயிர்க்கடனை அதே வங்கிக் கிளை அறுவடைக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிக்கொள்கிறது, ஏனென்றால் பணம் அப்போதுதான் வரும் என்று அதற்குத் தெரியும். கல்விக்கடனை மட்டும் மாதாமாதம் கேட்கிறது. அதே மனிதர், அதே நிலம், அதே மஞ்சள். சித்திரையில் ஆண்டுத் தவணையாக 80,000 ரூபாயை ஒன்றாக எண்ணி வைக்கக்கூடிய குடும்பம், மாதம் 6,640க்கு மூன்றாவது மாடு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. விவசாயக் குடும்பங்களுக்குக் கல்விக்கடன் தவணையையும் அறுவடையோடு பொருத்திவிடுவதில் வங்கிக்கு என்ன நட்டம் என்று எனக்கு யாரும் இதுவரை விளக்கவில்லை.