தாமரைக் குளத்தில் ஒரு விண்கலம்

சென்ற வாரம் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைத் திருகோணமலைக் கடலுக்கடியில் விட்டுவிட்டு வந்தோம். போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைத் தேடி அவரோடு முங்கியவர் மைக் வில்சன். 1956-இல் கிளார்க்கோடு இலங்கையில் குடியேறிய ஆங்கிலேயர். 1962-இல் ‘ரன் முத்து தூவ’ என்ற முதல் வண்ணச் சிங்களப் படத்தை இயக்கியவரும் இவர்தான். இந்த வாரக் கதையிலும் வருகிறார். வராமலே இருந்திருக்கலாம் என்று சத்யஜித் ராய் நினைத்திருப்பார்.

ராய் என்றதும் நமக்கு ‘பதேர் பாஞ்சாலி’தான் நினைவுக்கு வரும். வங்காளத்துப் பிள்ளைகளுக்கோ அவர் புரொபசர் ஷோங்கு என்ற கிறுக்கு விஞ்ஞானியைப் படைத்தவர். தாத்தா உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கி, இடையில் நின்றுபோன ‘சந்தேஷ்’ சிறுவர் இதழை 1961-இல் ராய் மறுபடி கொண்டுவந்தார். பக்கம் நிரம்ப வேண்டுமே! ஆசிரியரே பேனாவைப் பிடித்தார். அப்படி 1962-இல் எழுதியது ‘பங்குபாபுர் பந்து’. பங்குபாபு ஒரு கிராமத்துப் பள்ளி வாத்தியார், வாயில்லாப் பூச்சி. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணைக் கச்சேரியில் தினமும் எல்லோரும் சேர்ந்து அவரைக் கேலி செய்வார்கள். ஒரு ராத்திரி வீடு திரும்பும்போது, மூங்கில் தோப்பில் வேற்றுக்கிரகவாசி ஒருவனைச் சந்திக்கிறார். இவ்வளவு நாள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டீரே என்று அவன்தான் அவருக்கு ரோஷம் ஊட்டுகிறான். மறுநாள் வாத்தியார் திண்ணைக்குப் போய் அத்தனை பேரையும் வெளுத்து வாங்கிவிட்டு வருகிறார். உலகத்தைப் பிடிக்க வரும் பயங்கரப் பிராணிகளையே அப்போது பெரும்பாலும் ஹாலிவுட் காட்டிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

கல்கத்தாவில் அறிவியல் புனைகதைப் படங்களுக்கென்றே ஒரு திரைப்படச் சங்கம் வைக்கும் யோசனை வந்தபோது, வாழ்த்துக் கேட்டு ராய் கிளார்க்குக்கு எழுதினார். கடிதப் பழக்கம் வளர்ந்தது. 1966-இல் லண்டன் போன ராய், கிளார்க்கும் இயக்குநர் குப்ரிக்கும் சேர்ந்து எழுதிய ‘2001’ படத்தின் செட்டையும் பார்த்தார். தன் மனசில் இருந்த கதையைக் கிளார்க்கிடம் சொன்னார். கிளார்க் கொழும்பு திரும்பி வில்சனிடம் சொன்னார். வில்சன் 1967 பிப்ரவரியில் கல்கத்தாவுக்கே வந்து இறங்கிவிட்டார். சுமார் இரண்டு வாரத்தில் ‘தி ஏலியன்’ திரைக்கதை முடிந்தது.

என்ன கதை? வங்காளக் கிராமம் ஒன்றின் தாமரைக் குளத்தில் விண்கலம் விழுந்து மூழ்குகிறது. கூர்மையான முனை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. விடிந்ததும் பார்க்கும் ஊர்க்காரர்கள், புதைந்த கோயில் மேலே வருகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஊரில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டவைக்கும் பஜோரியா என்ற மார்வாடி சேட், கோபுரத்தைச் சுற்றிச் சலவைக்கல் பதித்துப் பெயர் வாங்கக் கணக்குப் போடுகிறார். கலத்துக்குள் இருப்பதோ பெரிய தலையும் குச்சிக் கைகாலுமாக, பஞ்சத்தில் அடிபட்ட பிள்ளை போல ஒரு சின்ன உருவம். அது ராத்திரியில் வெளியே வந்து விளையாடுகிறது: பருவமில்லாத காலத்தில் மாமரம் காய்க்கிறது, ஒரே இரவில் பயிர் முற்றுகிறது. ஹபா என்ற ஏழைப் பையனின் கனவுக்குள் புகுந்து அவனோடு கூத்தடிக்கிறது. வேற்றுக்கிரகத்து விஞ்ஞானத்தைக் கோயிலாகப் பார்த்துக் கும்பிடும் அந்தக் காலைக்காட்சியை ராயைத் தவிர யார் எழுதியிருக்க முடியும்? ஒரு பெண்ணையே தெய்வமாக்கிக் கும்பிடும் கதையான ‘தேவி’யை எடுத்தவர் அல்லவா?

பஜோரியாவாக நடிக்க நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ் பாரிஸில் சம்மதித்தார். கொலம்பியா நிறுவனம் பணம் போட முன்வந்தது. 1967 ஜூனில் ராய் ஹாலிவுட் போனார். அங்கே கையில் கிடைத்த திரைக்கதைப் பிரதியின் முதல் பக்கத்தில் காப்புரிமை இருவர் பெயரில் இருந்தது: மைக் வில்சன், சத்யஜித் ராய். கலத்தின் நிறம் பொன்னாக இருக்கட்டும் என்பதைத் தவிர வில்சன் சொன்ன யோசனை எதுவும் இல்லை என்று ராய் பிற்பாடு ‘ஸ்டேட்ஸ்மேன்’ பத்திரிகையில் எழுதினார். கொலம்பியா 10,000 டாலர் அட்வான்ஸ் கொடுத்திருந்ததாம். அதையும் ராய் கண்ணால் பார்க்கவில்லை. பிரதிகள் சைக்ளோஸ்டைல் செய்யப்பட்டு ஊரெல்லாம் சுற்றின. செல்லர்ஸ் பின்வாங்கினார். வில்சன் விலகினால் படம் எடுக்கலாம் என்றது கொலம்பியா. வில்சன் அசையவில்லை.

பிறகு கிளார்க்கிடமிருந்து ஒரு தகவல்: வில்சன் மொட்டையடித்துக்கொண்டு தென்னிந்தியக் காட்டுக்குத் தவம் செய்யப் போய்விட்டார்! பின்னாலேயே வில்சனின் கடிதமும் வந்தது. அதில் ராயை ராவணன் என்று விளித்து, சீதையை நீயே வைத்துக்கொள் என்று திரைக்கதையை விட்டுக்கொடுத்திருந்தார். சீதையைத் தூக்கிப்போனது யார் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. வில்சன் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் கதிர்காமத்து முருகனின் பக்தராகவே கடைசிவரை வாழ்ந்து 1995-இல் காலமானார்.

1982-இல் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வந்தது. ஒற்றுமைகளைக் கண்டு முதலில் குரல் கொடுத்தவர்களில் கிளார்க் ஒருவர். கொழும்பிலிருந்து ராய்க்கு போன் செய்து, சும்மா விடாதீர்கள் என்றார். தன் பிரதிகள் அமெரிக்காவில் சுற்றியிருக்காவிட்டால் ‘ஈ.டி.’ வந்திருக்காது என்று ராய் பேட்டியில் சொன்னார், வழக்குக்குப் போகவில்லை. அந்தத் திரைக்கதை சுற்றியபோது நான் ஹைஸ்கூல் பையன் என்று ஸ்பீல்பெர்க் சொன்னதைக் கிளார்க்கே பின்னர் பத்திரிகைக்கு எழுதினார். கணக்கு உதைக்கிறது. 1946 டிசம்பரில் பிறந்தவருக்கு 1967-இல் வயது இருபது. ஆனாலும் வயதை வைத்துத் திருட்டை நிரூபிக்க முடியாது. சாதுவான குட்டி அந்நியனும் ஒரு சிறுவனும் இரண்டிலும் உண்டு. ‘ஈ.டி.’யில் ஊர் கிடையாது, குளம் கிடையாது, சேட் கிடையாது. ராயின் கதையில் உயிர் அங்கேதான் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, ராய் உட்பட. என்னைக் கேட்டால், படத்தைக் கொன்றது ‘ஈ.டி.’ அல்ல, முதல் பக்கத்துக் காப்புரிமை வரிதான்.

திரைக்கதையும் கடிதங்களும் 2018-இல் ஆங்கிலப் புத்தகமாக வந்துவிட்டன. பஜோரியா வரும் பக்கங்களில் இப்போதும் பீட்டர் செல்லர்ஸ் முகம்தான் கண்முன் நிற்கிறது.

(தொடரும்)