சிறுநீர்ப்பைக் கட்டி அறுவை சிகிச்சை: எந்த முறை யாருக்கு?

சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் வருவதே சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முக்கிய அறிகுறி. ஓரிரு நாளில் அது தானாக நின்றுவிடுவதும் உண்டு. 'உடல் சூடு' என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் பலரும் அதை மறந்துவிடுகின்றனர். ரத்தம் நின்றாலும் கட்டி உள்ளேயே இருக்கும்.

பெண்களைவிட ஆண்களுக்கு இந்நோய் மூன்று, நான்கு மடங்கு அதிகம். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புகைப்பழக்கமே காரணம். சாய ஆலைகளிலும் ரப்பர் பொருள் தயாரிக்கும் ஆலைகளிலும் சில ரசாயனங்களோடு நீண்டகாலம் வேலை செய்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பால்மரம் வெட்டும் வேலையை இது குறிப்பதல்ல.

நோய் கண்டறியப்படும்போது நால்வரில் மூவருக்குக் கட்டி தசைக்குள் இறங்கியிருக்காது. அவர்களுக்கு வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. சிறுநீர் வெளியேறும் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியை அகற்றலாம். இதில் இரண்டு முறைகள் உள்ளன.

துண்டு துண்டாகச் சுரண்டுதல்

'டி.யு.ஆர்.பி.டி.' எனப்படும் வழக்கமான முறை இது. மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டி சிறு சிறு துண்டுகளாக வெட்டி எடுக்கப்படும். பெரிய கட்டிக்கும் இது பொருந்தும். ஆனால் துண்டுகள் சிதறுவதால், நோய் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதை ஆய்வுக்கூடத்தில் கணிப்பது சில வேளை கடினம். பக்கச் சுவரில் உள்ள கட்டியை வெட்டும்போது மின்சாரத்தால் தொடை நரம்பு தூண்டப்பட்டு, கால் திடீரென உதறி, பையில் துளை விழவும் கூடும்.

ஒரே துண்டாகப் பெயர்த்தெடுத்தல்

'என் பிளாக்' எனப்படும் இம்முறையில், கட்டியைச் சுற்றி வட்டமாக வெட்டி, அடித்தசையோடு முழுதாக எடுப்பர். மின்கருவியோ லேசரோ இதற்குப் பயன்படும். லேசரில் கால் உதறும் சிக்கல் இல்லை. திசு அடுக்குகள் குலையாமல் கிடைப்பதால் ஆழத்தைத் தெளிவாகக் கணிக்கலாம். பொதுவாக 3 சென்டிமீட்டர் வரையிலான கட்டிகளுக்கே இது ஏற்றது. ஹாங்காங் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் கட்டி மீண்டும் வந்தவர்கள் வழக்கமான முறையில் சுமார் 38 விழுக்காடு, இம்முறையில் சுமார் 29 விழுக்காடு.

எந்த முறையானாலும், எடுத்த திசுவில் தசைப்பகுதி இருப்பது முக்கியம். அது இல்லாவிட்டாலோ, கட்டி முழுமையாக அகற்றப்படாவிட்டாலோ, சில வாரங்களில் மறுபடியும் அறுவை சிகிச்சை செய்யச் சொல்வர். முதல் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அஞ்சி அதைத் தவிர்க்கக் கூடாது.

தசைக்குள் இறங்கிவிட்டால்

அப்போது பெரும்பாலும் சிறுநீர்ப்பையையே அகற்ற வேண்டியிருக்கும். சிறுகுடலின் ஒரு பகுதியைக் கொண்டு சிறுநீர் வெளியேற வழி அமைத்து வயிற்றில் பை பொருத்துவர், அல்லது உள்ளேயே புதிய பை அமைப்பர். ரோபோ உதவியுடன் செய்தால் ரத்த இழப்பு குறையும். ஆனால் நோயைக் கட்டுப்படுத்துவதில் அதுவும் திறந்த அறுவை சிகிச்சையும் ஏறக்குறைய சமமே. தகுதியுள்ள சிலருக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்தபின் கதிரியக்கமும் கீமோவும் கொடுத்துப் பையைக் காப்பாற்றலாம்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. கட்டியை எடுத்தபின் சிலருக்குப் பைக்குள் மருந்து செலுத்தப்படும். அதில் ஒன்றான பி.சி.ஜி., பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடப்படும் அதே கிருமி வகைதான்.

இந்நோய் மீண்டும் வரும் தன்மையுடையது. பையைக் கேமரா மூலம் பார்க்கும் முதல் மறுபரிசோதனை வழக்கமாக மூன்றாம் மாதத்தில் நடக்கும். வலியில்லை என்று அதைத் தவறவிட வேண்டாம். ஒரே ஒரு முறை சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்வதே முதல் படி.