இங்கிலீஷ் பேப்பரின் கதை

1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் பிறந்தது. அப்போது அதற்குச் சொந்த வகுப்பறை இல்லை, பாடம் நடத்தும் பேராசிரியர்களும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு உருவான அந்த அமைப்பின் முதல் வேலையே தேர்வு நடத்துவதுதான். அதே ஆண்டில் நடந்த முதல் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதியவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையின் ஆங்கிலத்தை அளந்து பார்க்கும் பொதுத்தேர்வு தமிழ்நாட்டில் வேரூன்றியது அங்கிருந்துதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் தேர்வெழுதிப் பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

ஆனால், தேர்வை நோக்கிக் கூட்டம் வந்ததற்குக் காரணம் புலமை அல்ல, உத்தியோகம். ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அறிவித்தார். வங்காளத்தை மனத்தில் வைத்து வந்த அறிவிப்புதான் என்றாலும், அந்தப் போக்கு எல்லா மாகாணங்களுக்கும் பரவியது. மெட்ரிக் தேறியவருக்குக் கச்சேரி குமாஸ்தா வேலை கனவாக இல்லாமல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தேறாதவர்கள்கூட ‘மெட்ரிக் ஃபெயில்’ என்று விண்ணப்பத்தில் எழுதினார்கள். தேர்வு எழுதும் அளவுக்கு ஆங்கிலம் படித்திருப்பதே ஒரு தகுதியாக இருந்தது.

அந்த ஆங்கிலத் தாளில் என்ன கேட்டார்கள்? ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணம் சொல்லச் சொன்னார்கள். செய்யுள் வரிகளை உரைநடையாக மாற்றி எழுதச் சொன்னார்கள். கட்டுரை உண்டு, பாடநூலில் இருந்து விளக்கக் கேள்விகளும் உண்டு. கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாவற்றுக்கும் விடை ஆங்கிலத்தில்தான். அதனால் ஆங்கிலம் வராத மாணவருக்கு ஒரு பாடம் மட்டும் அல்ல, படிப்பு முழுவதுமே அடைபட்டுப்போனது.

பாடநூல் இன்னது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதற்கு உரை எழுத ஆள் வந்துவிடுவார். 19-ஆம் நூற்றாண்டிலேயே நோட்ஸ் வியாபாரம் சூடுபிடித்தது. மாணவர்கள் பாடத்தை விட்டுவிட்டு நோட்ஸை நெட்டுருப் போட்டார்கள். இதன் விளைவை 1902-இல் கர்சன் பிரபு நியமித்த பல்கலைக்கழகக் குழு வெளிப்படையாகப் பதிவு செய்தது. மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர்களால் ஆங்கில விரிவுரையைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்றது அந்த அறிக்கை. நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்குக் குறிப்பிட்ட பாடநூல் வைக்கவே கூடாது என்றும் அது பரிந்துரைத்தது. முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்தால்தான் பையனுக்குப் படிக்கத் தெரியுமா என்பது தெரியும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குழு நோயைச் சரியாகக் கண்டுபிடித்து மருந்தையும் எழுதிக் கொடுத்துவிட்டது.

அதே காலத்தில்தான் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் மாணவர் சீனிவாச ராமானுஜன் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-இல் உபகாரச் சம்பளத்துடன் அரசுக் கல்லூரியில், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். மூழ்கிக் கிடந்தது கணக்கில். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உபகாரச் சம்பளம் பறிபோனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907-இல் மறுபடி எழுதியபோதும் எஃப்.ஏ. கைகூடவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியே தேற வேண்டும் என்ற விதி, உலகம் பின்னாளில் கொண்டாடிய ஒரு கணித மேதையைப் பட்டமில்லாமல் வீதியில் நிறுத்தியது. அவர் பெயர் நமக்குத் தெரிந்துவிட்டது. அதே தாளில் நின்றுபோன மற்றவர்களின் பெயர் எங்கும் இல்லை.

மெட்ரிகுலேஷனின் இடத்தை 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. மெல்லப் பிடித்துக்கொண்டது. நல்ல நோக்கத்தோடு வந்த திட்டம் அது. ஒரே நாள் தேர்வை மட்டும் நம்பாமல், பள்ளியில் எடுத்த மதிப்பெண்ணையும் சான்றிதழ்ப் புத்தகத்தில் ஏற்றினார்கள். தமிழ் வீடுகளில் இன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கும் ‘எஸ்.எஸ்.எல்.சி. புக்’ அந்த வழியில் வந்ததுதான். ஆனால் கல்லூரியும் உத்தியோகமும் பொதுத்தேர்வு மதிப்பெண்ணையே பார்த்தன. பள்ளி மதிப்பெண்ணின் மதிப்பு தேய்ந்தது.

1930-களின் பிற்பகுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வழிப் பாடம் பரவியது. சரித்திரமும் கணக்கும் தமிழில் வந்தன. பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. கூடவே ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருந்த நிலை மாறி, ஒரு தனிப் பாடமாக ஒதுங்கியது. நாள் முழுக்கக் காதில் விழுந்த மொழி ஒரு பீரியட் மொழியாகச் சுருங்கிய பிறகு, அதைச் சோதிக்கும் முறையும் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். கேள்வித்தாளோ இலக்கணமும் சுருக்கி எழுதுதலும் கட்டுரையுமாகப் பழைய தடத்திலேயே போனது.

மாற்றுச் சிந்தனை இல்லாமல் இல்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், முதலில் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று 1926-இல் வாதிட்டார். பாதியில் பள்ளியை விட்டுப் போகிறவனுக்கும் அந்த ஒரு திறமை கையில் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. எளிய சொற்களில் அவர் எழுதிய வாசிப்பு நூல்கள் பல நாடுகளுக்குப் போயின. சென்னை மாநிலத்தில் 1950-களின் இறுதியில் இன்னொரு பெருமுயற்சி நடந்தது. தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் திட்டம் அது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தருவார். ஆங்கிலக் கல்வி ஆய்வாளர்கள் அதை ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அழைத்தார்கள். வாக்கிய அமைப்புகளைப் பேசிப் பேசிப் பழக்குவதே அதன் முறை. ஆனால் பள்ளி இறுதியில் பேச்சுக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத எதுவும் வகுப்பறையில் நீண்ட நாள் நிற்காது.

1978-இல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் மேல்நிலைப் படிப்பும் வந்தன. முதல் பிளஸ் டூ தேர்வு 1980-இல் நடந்தது. இந்த மாற்றங்களுக்குச் சற்று முன்பு, 1975-இல், அரசுத் தேர்வுகள் துறை தனித் துறையாகியிருந்தது. இலட்சக்கணக்கான விடைத்தாள்களைச் சில வாரங்களில் திருத்தி முடிக்க வேண்டும் என்றால், எல்லாத் திருத்துநருக்கும் ஒரே விடைக்குறிப்பு வேண்டும். ஒரே விடைக்குறிப்புக்கு ஒத்துவருவது கணிக்கக்கூடிய கேள்விதான். மெமரி போயம், புக் பேக் கேள்வி, பாராகிராப், மாதிரிக் கடிதம் ஆகியவை தாளில் நிலைத்ததற்கு இந்த நடைமுறை நெருக்கடியும் ஒரு காரணம். ‘இத்தனை பாராகிராப் படித்தால் பாஸ்’ என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைக் குறைசொல்ல முடியாது. தன் பிள்ளைகள் தேற வேண்டும் என்று தவிக்கிறவர் அவர். 2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டு தாள்கள் ஒரே தாளாகின. எழுதும் சுமை குறைந்தது, சோதிக்கும் முறை பெரிதாக மாறவில்லை.

கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ‘அசர்’ ஆய்வை 2023-இல் நடத்தியவர்கள் வேறு வழியில் போனார்கள். நாடு முழுவதும் 28 மாவட்டங்களின் கிராமங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களை வீட்டில் சந்தித்து, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படிப் படித்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை. மனப்பாடத்துக்கு இடமே இல்லாத தேர்வு அது. உண்மை நிலவரத்தை அதனால்தான் காட்டியது.

நம் பொதுத்தேர்விலும் அதைச் செய்யலாம். பாடநூலில் இல்லாத பத்திகளுக்குக் கேள்வித்தாளில் பாதி மதிப்பெண் ஒதுக்கலாம். பிழை இருந்தாலும் சொந்தமாக எழுதிய நாலு வரிக்கு, கைடில் இருந்து பிசகாமல் இறக்கிய பக்கத்தைவிடக் கூடுதல் மதிப்பெண் தரலாம். வாய்விட்டுப் படிப்பதற்கும் பேசுவதற்கும் பள்ளி அளவிலாவது கணக்கு வைக்கலாம். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இதைத் தொடங்கினால் ஆசிரியர்கள் பின்னாலேயே வருவார்கள். 1902-இல் எழுதிய பரிந்துரையை இனியும் கிடப்பில் போட நியாயம் இல்லை.