ஸ்பிரிங் எஞ்சின்: இடைமுக உரிமை

ஸ்பிரிங் என்பது நிகழ்நேர உத்தி விளையாட்டுகளுக்கான திறந்த மூல எஞ்சின். 1997இல் வெளியான ‘டோட்டல் அனைஹிலேஷன்’ விளையாட்டின் ரசிகர் குழு ஒன்றால் தொடங்கப்பட்டது. விளையாட்டை உருவாக்குபவரின் அதிகாரத்தையும் ஆடுபவரின் விருப்பத்தையும் இது லுவா மொழியில் எழுதிய இருவகை நிரல்களாகப் பிரிக்கிறது.

கேட்ஜெட்: விளையாட்டுக் கோப்பிலேயே அடங்கியது. விதிகளைக் கையாளும் பகுதி எல்லாக் கணினிகளிலும் ஒரே விதமாக இயங்க வேண்டும். விளைவு வேறுபட்டால் ஆட்டத்தின் ஒத்திசைவு குலையும். எனவே ஆடுபவர் இதை மாற்ற இயலாது.

விட்ஜெட்: ஆடுபவரின் கணினியில் மட்டும் இயங்குவது. வரைபடம், கட்டளைப் பட்டி, வளக் கணக்கு முதலியவற்றை அவரவர் விருப்பப்படி மாற்றலாம்; வேண்டாதவற்றை அணைத்துவிடலாம்.

சர்ச்சை: விட்ஜெட்டுகள் படைகளுக்குக் கட்டளையும் இடக்கூடியவை. அடிபட்ட படையைத் தானே பின்வாங்கச் செய்யும் நிரல் வசதியா, நியாயமற்ற சாதகமா என்பது விவாதத்துக்குரியது. விளையாட்டை உருவாக்குபவர் வெளி விட்ஜெட்டுகளைத் தடைசெய்யலாம். அல்லது பயனுள்ளவற்றை எல்லோருக்கும் பொதுவாக்கலாம். ஸ்பிரிங்கில் உருவான ‘ஜீரோ-கே’ விளையாட்டு இத்தகைய தானியக்கம் பலவற்றை தன்னிலேயே சேர்த்துக்கொண்டது.

ஒப்பீடு: ‘சுப்ரீம் கமாண்டர்’ (2007) விளையாட்டிலும் இடைமுகத்தை மட்டும் மாற்றும் மாட்களை (மாற்றத் தொகுப்புகளை) ஒருவர் தனியே பயன்படுத்தலாம், விதிகளை மாற்றுபவை ஆடும் அனைவரிடமும் இருக்க வேண்டும்.