ஓவலின் பருவங்கள்

1948 மார்ச் 27 அன்று டொன் பிரட்மன் கொழும்பில் ஒரு நாள் ஆட்டம் ஆடினார். இங்கிலாந்துக்குப் போகும் வழியில் ஆஸ்திரேலிய அணியின் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. அந்தக் காலத்தில் இரு நாட்டு அணிகளும் கப்பலிலேயே போய்வந்ததால், வழியில் இருந்த இலங்கைக்கு உலகின் முதன்மையான ஆட்டக்காரர்களை ஒரு பகல் பார்க்கும் வாய்ப்பு அவ்வப்போது கிடைத்தது. அன்று கரையிறங்கிய அணி, பொறளைக்குப் பக்கத்தில் வனாத்தமுல்லயில் இருக்கும் கொழும்பு ஓவல் மைதானத்துக்கு வந்தது. பிரட்மன் 20 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் நடக்கும்போதே ஆஸ்திரேலியர்களுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆடுகளத்தை அளந்து பார்த்தார்கள். 22 யார் நீளம் இருக்க வேண்டிய ஆடுகளம் ஏறக்குறைய 20 யார்தான் இருந்தது.

இந்தக் கதை கிரிக்கெட் நூல்களில் ஒரு வேடிக்கையாக இடம்பெற்றுவிட்டது. எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. அன்று டொஸ் போடப் பிரட்மனோடு நடந்துபோன இலங்கைத் தலைவர் மகாதேவ சதாசிவம், ஒரு தமிழர். அவருடைய கழகம் தமிழ் யூனியன். பிரட்மன் ஆடிய மைதானமும் தமிழ் யூனியனுடையது. நாடு சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அந்தப் பகலில் இலங்கைக் கிரிக்கெட்டின் நடுக்களம் எங்கே இருந்தது என்று கேட்டால், தமிழர் கட்டிய ஒரு மைதானத்தில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ் யூனியன் கிரிக்கெட் அன்ட் அத்லெட்டிக் கிளப் 1899இல் தொடங்கப்பட்டது. சிங்கள விளையாட்டுக் கழகமான எஸ்.எஸ்.சி.யும் அதே ஆண்டில்தான் பிறந்தது. ஆங்கிலேயத் துரைமாருக்குக் கொழும்பு கிரிக்கெட் கழகம் இருந்தது. பறங்கியருக்கு ஒன்று, சோனகருக்கு மூர்ஸ், மலாயருக்கு ஒன்று என்று கொழும்பின் விளையாட்டு இனவாரியாகவே வேலி போட்டுக்கொண்டது. இன்றைய கண்ணுக்கு இது உறுத்தலாம். ஆனால் வெள்ளைக்காரரின் கழகக் கதவு மூடியிருந்த காலத்தில், ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று ஒரு புல்வெளியையும் ஒரு தேநீர் மேசையையும் தேடிக்கொண்டது இயல்புதான். அந்த வேலிகளைத் தாண்டி ஆடும்போதுதான் ஒருவரையொருவர் அறிந்தார்கள். சனிக்கிழமை எதிரணியில் நின்றவரைத் திங்கட்கிழமை கச்சேரியிலோ நீதிமன்றத்திலோ சந்தித்தார்கள்.

உலகத்தில் வேறு இடங்களிலும் கழகங்கள் இப்படிப் பிறந்திருக்கின்றன. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1887இல் வோல்ஃப்ரிட் என்ற துறவுச் சகோதரர், பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் கத்தோலிக்கரின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காகக் கெல்டிக் கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார். வந்தேறிகளின் கழகம் என்று பெயர் வாங்கிய அந்த அணி 1967இல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அணியின் பயிற்றுநர் ஜொக் ஸ்டெயின் ஒரு புரட்டஸ்தாந்தர். ஒரு சமூகம் தன் தேவைக்குத் தொடங்கிய கழகம் அந்தச் சமூகத்துக்கு வெளியே இருப்பவரையும் தன்னவராக ஏற்கும்போது அதன் பெயர் சிறுத்துப்போவதில்லை. கெல்டிக் வரலாற்றில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். தமிழ் யூனியன் கதையைச் சொல்லும்போதும் அது நினைவுக்கு வருகிறது.

ஓவலை எழுப்பிய பெயர் பாக்கியசோதி சரவணமுத்து. எல்லோருக்கும் அவர் "சரா". சிவில் சேவை அதிகாரி. தேயிலைக்கும் இறப்பருக்கும் கட்டுப்பாட்டாளராக இருந்தவர். அவருடைய குடும்பம் கொழும்பின் பொதுவாழ்வில் ஆழமாக ஊன்றிய குடும்பம். சகோதரர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் முதலாவது மேயர். இரத்தினசோதியின் மனைவி நேசம் சரவணமுத்து 1932இல் கொழும்பு வடக்குத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். வாக்குரிமை வந்து ஓராண்டே ஆகியிருந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கொழும்பின் வடபகுதி தேர்ந்தெடுத்து அனுப்பியதை இன்றைய கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இன்னொரு சகோதரர் மாணிக்கசோதி, பினாங்கில் பத்திரிகை ஆசிரியர். 1941 டிசம்பரில் ஆங்கிலேயர் தீவைக் கைவிட்டுப் போனபின் கோட்டையில் பறந்த அவர்களின் கொடியை இறக்கியவர் அவர்தான்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த சரா, வனாத்தமுல்லயில் ஒரு தாழ்ந்த நிலத்தை மைதானமாக்கும் வேலையில் இறங்கினார். உலகப் போர்க்காலத்தை ஒட்டி ஓவல் ஆட்டத்துக்கு ஆயத்தமானது. 1948இல் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. பின்னாளில் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கழகங்களுக்கிடையிலான முதன்மைப் போட்டியின் கிண்ணத்துக்கும் அவர் பெயர் வந்தது. ஐம்பதுகளிலிருந்து பல பத்தாண்டுகள் இலங்கையில் ஒரு கழகம் எத்தனை பெரியது என்பதைச் சரா கிண்ணத்தை வைத்தே அளந்தார்கள். எஸ்.எஸ்.சி. வென்றாலும், என்.சி.சி. வென்றாலும், பல்கலைக்கழகப் பெடியன்கள் வென்றாலும், தூக்கிப் பிடித்தது ஒரு தமிழரின் பெயர் பொறித்த கிண்ணத்தை.

அந்தக் காலத்து ஓவலின் முகம் சதாசிவம். வெஸ்லிக் கல்லூரியில் படித்தவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் அடித்தார். அந்த மைதானத்தில் அதைவிட அழகான ஆட்டத்தைப் பார்த்ததில்லை என்று அன்று அங்கே இருந்தவர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய லேட் கட்டைப் பற்றிப் பேசாத பழைய ரசிகர் இல்லை. விக்கெட் காப்பாளரின் கையுறைக்குள் பந்து போய்ச் சேரப்போகிறது என்று எல்லோரும் நினைக்கும் கணத்தில், மட்டையைச் சற்றே இறக்கி, பந்தின் வேகத்தையே கடன் வாங்கி, ஸ்லிப்புக்குப் பின்னால் தள்ளிவிடும் அடி அது. மணிக்கட்டும் கண்ணும் மட்டுமே வேலை செய்யும். மேற்கிந்தியத் தீவுகளின் பிராங் வொரெல் தான் பார்த்தவர்களில் ஆகச் சிறந்த துடுப்பாட்டக்காரர் என்று சதாவைச் சொன்னதாக இலங்கைக் கிரிக்கெட் உலகம் இன்றும் பெருமைப்படுகிறது. 1951இல் மனைவி கொலையுண்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, நெடிய விசாரணைக்குப் பின் விடுதலையானார். கொழும்பில் அவர் வாழ்க்கை பழையபடி திரும்பவில்லை. பிறகு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போய் அந்த நாட்டு அணிகளுக்கும் தலைவரானார். மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை தாங்கியவர், டெஸ்ட் ஆட்டம் ஒன்றையும் ஆடவில்லை. இலங்கைக்கு அந்த அந்தஸ்து கிடைக்கும் முன்னரே, 1977இல் காலமானார்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஓவல் பெரும்பாலும் சென்னைக்காரரை எதிர்பார்த்திருந்தது. எம்.ஜே. கோபாலன் கிண்ணம் 1953இல் தொடங்கியபின், சென்னை அணியும் இலங்கை அணியும் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் மாறிமாறி ஆடின. டெஸ்ட் ஆடாத நாட்டுக்கு அது ஒரு பெரிய பள்ளிக்கூடம்.

இனி 1982க்கு வருகிறேன். பெப்ரவரி 17 அன்று இங்கிலாந்துக்கு எதிராக இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது சரவணமுத்து மைதானமே. பந்துல வர்ணபுர தலைவர். முதல் இன்னிங்ஸில் இலங்கை 218. பள்ளிக்கூடம் முடித்திராத பதினெட்டு வயது அர்ஜுன ரணதுங்க 54 அடித்து, இலங்கையின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தைப் பதிந்தார். இங்கிலாந்து 223. ஐந்து ஓட்டங்களே வித்தியாசம். இரண்டாம் இன்னிங்ஸில் ஜோன் எம்புரி ஆறு விக்கெட்டுகளை வீழ்த்த, இலங்கை 175க்குச் சுருண்டு ஏழு விக்கெட்டால் தோற்றது. தோல்விதான். ஆனால் மூன்று நாள்வரை இங்கிலாந்தைத் தூங்கவிடாத தோல்வி.

அடுத்த ஆண்டு ஜூலை 24 இரவு. தமிழருக்கு எதிரான வன்முறை பொறளைக் கனத்தை மயானத்தில் தொடங்கியது. ஓவலிலிருந்து அது வெகுதூரமில்லை. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. தமிழ் என்ற பெயரைத் தாங்கிய எதற்கும் அந்த வாரம் கொழும்பில் பாதுகாப்பு இருக்கவில்லை. தமிழ் யூனியனின் முந்தைய தலைமுறை உறுப்பினர் குடும்பங்களில் எத்தனையோ பேர் அதன்பின் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் மெல்பேர்னுக்கும் போனார்கள். ஒரு கழகத்துக்கு ஆட்டக்காரரைவிட முக்கியமானவர்கள் உண்டு. கணக்கு எழுதுபவர், மாலையில் வந்து வாங்கில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பேசுபவர், தன் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிவருபவர். அவர்கள் போனதுதான் இந்தக் கழகத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். எந்தப் புள்ளிப்பட்டியலிலும் அது ஏறாது.

எனினும் மைதானம் நின்றது. 1985 செப்டம்பர் 11. அதே ஓவல். அமல் சில்வா முதல் இன்னிங்ஸில் 111 அடித்து, விக்கெட் காப்பாளராக ஆட்டம் முழுவதும் ஒன்பது பேரை வெளியேற்றினார். ருமேஷ் ரத்னாயக்க தன் பந்திலேயே கபில் தேவைப் பிடித்து ஒரு கையை வானத்துக்கு உயர்த்தியபடி ஓடினார். இலங்கை இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்றது. நாட்டின் முதல் டெஸ்ட் வெற்றி. அரசு பொது விடுமுறை அறிவித்தது. அது இனப்போர் மூண்டு இரண்டாண்டு ஆகியிருந்த நேரம். அந்த விடுமுறையை வெள்ளவத்தைத் தமிழர் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்பதை ஒரே மாதிரியாகச் சொல்லிவிட முடியாது. மகிழ்ந்தவரும் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டவரும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருந்தது.

1988-89 பருவம் முதல் கழகப் போட்டிக்கு முதல்தர அந்தஸ்து வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கண்டியிலிருந்து ஒரு இளைஞர் தமிழ் யூனியனுக்கு ஆட வந்தார். முத்தையா முரளிதரன். மலையகத்தில் வேரூன்றிய குடும்பம். 1899இல் கொழும்பு மேல்தட்டுத் தமிழர் தொடங்கிய கழகத்தில், தோட்டங்களில் கூலி வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல் ஒருவர் எந்நாளும் இல்லாத பெருமையைச் சேர்த்தது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். உலகில் வேறு யாருக்கும் இல்லாத 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு அவர் 2010 ஜூலையில் காலியில் ஓய்வுபெற்றார். இரு வாரங்களுக்குள் ஓவலில் அதே தொடரின் கடைசி டெஸ்ட் தொடங்கியது. முரளி இல்லாத அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு 257 ஓட்டங்கள் இலக்கு. லக்ஷ்மண் 103 அடித்து ஆட்டமிழக்காமல் நின்று வெற்றியைக் கொடுத்தார்.

ஓவல் ஆடுகளம் பெரும்பாலும் முடிவு தரும் ஆடுகளம். பந்து எழும்பும். வேகப்பந்து வீச்சாளருக்கும் சுழல்பந்து வீச்சாளருக்கும் பங்கு உண்டு. எஸ்.எஸ்.சி.யில் ஐந்து நாளும் ஓட்டங்களைக் குவித்துச் சமநிலையில் முடியும் ஆட்டங்கள் எத்தனையோ. ஓவலுக்குப் போனால் ஏதாவது நடக்கும் என்று நம்பிப் போகலாம். 2006இல் தென்னாபிரிக்கா வைத்த 352 என்ற இலக்கை இலங்கை ஒரே விக்கெட் மீதியிருக்க எட்டியதும் இங்கேதான். மஹேல ஜயவர்தன அன்று 123.

2015 ஓகஸ்டில் குமார் சங்கக்கார தன் கடைசி டெஸ்ட்டை ஓவலில் ஆடினார். இரு இன்னிங்ஸிலும் அவரை வெளியேற்றியவர் சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின். தமிழரின் மைதானத்தில் ஒரு சிங்களப் பெருவீரருக்கு விடைகொடுத்த கூட்டத்தில் மூவினத்தவரும் எழுந்து நின்றார்கள். அதற்கடுத்து வந்த 2015-16 பருவத்தில் தமிழ் யூனியன் முதன்மைக் கழகப் பட்டத்தை வென்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து வந்த பட்டம். அதற்குள் போட்டியின் பெயர் மாறியிருந்தது. வென்றவர்களின் பெயர்ப்பட்டியலை வாசித்தால், பெரும்பாலும் சிங்களப் பெயர்கள்.

"பிறகு எதற்கு அந்தப் பெயர்?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. நான் அவர்களோடு சேரவில்லை. 1983க்குப் பிறகும் மார்பில் தமிழ் யூனியன் இலச்சினையைக் குத்திக்கொண்டு களத்துக்கு வந்த ஒவ்வொரு சிங்கள இளைஞரும் அந்தப் பெயரைக் காப்பாற்றியவர்தான். சம்பக்க ராமநாயக்க, உபுல் சந்தன, ரங்கன ஹேரத், சுரங்க லக்மால் எல்லோரும் இந்தக் கழகத்துக்கு ஆடியவர்கள். அவர்கள் தமிழ் யூனியன்காரர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் பெடியன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். விக்கெட்டுக்குப் பதிலாக ஒரு சோடாப் பெட்டி, எல்லைக்கோடாக ஒரு கோயில் மதில், ஆறு அடித்தால் பக்கத்து வீட்டு மாமியிடம் பந்தைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை. அவர்களில் ஒருவன் முரளியைப் போலவே மணிக்கட்டைத் திருப்பினான். அவனுக்கு ஓவல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அது தன் மக்கள் கட்டியது என்பதும் தெரியவில்லை. வெள்ளவத்தையிலும் அப்படித்தான். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தைத் தெரிந்தவர்களில் பாதிப்பேருக்குக்கூடத் தமிழ் யூனியனைத் தெரியாது. டியூசனும் வெளிநாட்டு விசாவும் நிறைந்த வீடுகளில் தோல் பந்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. வட, கிழக்கிலும் மலையகத்திலும் திறமை கிடக்கிறது. அதைக் கொழும்பில் தங்கவைத்துச் சோறு போட்டு வளர்க்கும் ஏற்பாடு வேண்டும். வோல்ஃப்ரிட் செய்தது அதைத்தானே: முதலில் சோறு, பிறகு பந்து.

2019 ஓகஸ்டில் நியூசிலாந்து ஓவலில் ஓர் இன்னிங்ஸால் வென்றது. அதன்பின் கொழும்புக்கு வந்த டெஸ்ட் ஆட்டங்கள் எஸ்.எஸ்.சி.க்கே போய்விட்டன. ஆனால் கழகப் பருவம் ஒவ்வோராண்டும் வருகிறது. வார நாளில் காலையில் போனால் ஓவலில் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், பந்து மட்டையில் படும் சத்தம் தெளிவாகக் கேட்கும். மருதானையிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரப் பயணம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே எந்த அணி ஆடினாலும் பரவாயில்லை, சதா லேட் கட் அடித்த இடம் இதுதான் என்று காட்டுங்கள்.