மாதுளையின் வேரும் மருந்தின் பெயரும்

மாதுளை என்றதும் நம் இலக்கிய மாணாக்கர்க்கு நினைவில் எழுவன பல்வரிசைக்குக் கூறப்படும் உவமைகளே. பழத்தோட்டின் துவர்ப்பு தோல் பதனிடுவோர்க்கும் சாயம் தோய்ப்போர்க்கும் பயன்பட்டதையோ, வேர்ப்பட்டை குடற்புழுவுக்கு மருந்தானதையோ அவ்வுவமைகள் சொல்வதில்லை. ஈண்டு நாம் நோக்க விரும்புவது அவ்வேர்ப்பட்டையின் வரலாற்றை.

அது மிகப் பழையது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபெர்ஸ் சுவடி, புழுநோய்க்கு மாதுளை வேரை விதிக்கின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க வைத்தியர் தியோஸ்கொரிதீசு வேர்க் கஷாயத்தை நாடாப்புழுவுக்குக் கூறினார். பிற்கால ஐரோப்பா அதனைக் கைவிட்டது. இந்திய மக்கள் கைவிடவில்லை.

1799இல் திப்பு வீழ்ந்தான். அடுத்த ஆண்டே மைசூர் நாட்டின் வேளாண்மையையும் கைத்தொழில்களையும் ஆராய்ந்து எழுதுமாறு பிரான்சிஸ் புக்கானன் என்னும் கொம்பனி வைத்தியர் அனுப்பப்பட்டார். வென்ற நிலத்தில் என்ன விளைகிறது என்பதை வணிகன் அறிந்தாக வேண்டுமல்லவா! இந்தியாவில் வழங்கிய மாதுளை வேர் மருந்தை 1807 அளவில் ஐரோப்பிய வைத்தியரின் கவனத்திற்குக் கொணர்ந்தவரும் இவரே. அதனைக் காலங்காலமாகப் பேணியோரோ 'சுதேசிகள்' என்ற பொதுப்பெயரோடு நின்றுவிட்டனர்.

1878இல் பிரெஞ்சு மருந்தாளர் சார்ள் தான்ரே பட்டையின் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்து, 'பெல்லெத்தியரின்' எனப் பெயரிட்டார். 1820இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்த இருவருள் ஒருவரான பெல்லெத்தியேயின் நினைவாக இட்ட பெயர் அது. (அச்சிங்கோனாவும் அந்தீசு மலைநாட்டிலிருந்து வந்ததே.) கார்த்தேச்சு நகரைக் கி.மு. 146இல் தரைமட்டமாக்கிய உரோமர் கூட, இப்பழத்தைக் கார்த்தேச்சியரின் பழமென்றே வழங்கினர். 'பியூனிக்கா' எனும் தாவரவியற் பெயரில் அது இன்றும் வாழ்கின்றது.

இதைக் கொண்டு, 'எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே' என்று மார்தட்டுவோருடன் நாம் சேரமாட்டோம். ஈரப்பட்டைக்கு வீரியம் அதிகம். உலர்ந்து பழகியதற்குக் குறைவு. அளவு மிஞ்சினால் தலைசுற்றும், பார்வை மங்கும். கைப்பிடியளவை நம்பியிருந்த வைத்தியத்திற்கு, நிறுத்துக் கொடுக்கக்கூடிய மருந்தைத் தந்தது தான்ரேயின் உழைப்பு. அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பதற்கில்லை. உரியோர் பெயர் மறைந்ததற்கு அது ஈடுமாகாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்லோசமைட், பிராசிகுவான்டெல் ஆகிய செயற்கை மருந்துகள் வந்தபின் வேர்ப்பட்டை மருந்துச்சாலைகளிலிருந்து மறைந்தது. பெல்லெத்தியேயின் பெயர் இரசாயன நூல்களில் இன்னும் இருக்கின்றது.