வெர்மாண்ட் ஆகிப்போன எங்க ஊரு

மக்களே, போன டிசம்பர்ல ஒரு மொக்கைப் படம் பார்த்தேன். டிவிக்குன்னே எடுக்கிற கிறிஸ்துமஸ் காதல் படம். சேனல் பேரு வேண்டாம், பொழச்சுப் போகட்டும். நியூயார்க்கில் பெரிய வேலையில் இருக்கிற பொண்ணு, வெர்மாண்ட் மாநிலத்துச் சின்ன ஊருக்குத் திரும்பி வர்றா. அப்பாவோட பேக்கரியை இடிச்சு மால் கட்ட ஒரு கம்பெனி வருது. கட்டம்போட்ட சட்டையில் ஒரு தச்சர். பனி கொட்டுது, பேக்கரி தப்பிக்குது, கடைசி நிமிஷத்தில் முத்தம். சுபம்.

பாதியில் எழுந்திருப்பேன். நான் குடியிருக்கும் பேஸ்மென்ட்டின் வீட்டுக்கார அக்கா (யாழ்ப்பாணம், இங்க வந்து முப்பது வருஷம்) திடீர்னு கத்தினாங்க: "தம்பி, உது எங்கட மெயின் ஸ்ட்ரீட் எல்லோ! உந்த பேண்ட் ஸ்டாண்டைப் பாருங்கோ!"

அட, ஆமா! யூனியன்வில்! கார் நம்பர் பிளேட்டை மட்டும் மாத்தியிருக்காங்க. "ஜூலை மாசம், நல்ல வெயிலுக்க எடுத்தவங்கள். பஞ்சு மாதிரி ஒண்டை றோட்டில கொட்டினவங்கள்" என்றார் அக்கா.

இந்த ஊர் வேஷம் கட்டுறது புதுசில்லை. 2000ல் ஒளிபரப்பான 'கில்மோர் கேர்ள்ஸ்' தொடரின் முதல் பகுதி இங்கதான் எடுத்தது. அப்போ இது கனெக்டிகட். அமெரிக்கக் கதைகளைக் கனடாவில் எடுக்க முக்கியக் காரணம் காசு. உள்ளூர் ஆட்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதி வரிச்சலுகையா திரும்ப வரும். போதாததுக்கு அமெரிக்க டாலரோட மதிப்பு வேற.

இந்த வகைப் படத்தோட பூர்வீகம் இவ்வளவு மோசமில்லைங்க. ஜாய்ஸ் ஹால் என்பவர் (ஆம்பளைதான்!) 1910ல் கான்சஸ் சிட்டியில் தபால் அட்டை விற்கத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஹால்மார்க் வாழ்த்து அட்டை கம்பெனி. 1951 டிசம்பர் 24 அன்று அவங்க ஆதரவில் என்.பி.சி.யில் வந்தது மெனோட்டியின் 'அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்'. தொலைக்காட்சிக்காகவே எழுதப்பட்ட முதல் ஆப்பரா. கால் ஊனமான ஏழைப் பையன் வீட்டுக் கதவை மூன்று ராஜாக்கள் தட்டுற கதை. அதில் பசி இருந்தது. 2001ல் ஹால்மார்க் பெயரில் சேனல் வந்தது. 2009ல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' ஆரம்பிச்சதும் வருஷா வருஷம் டஜன் கணக்கில் படங்கள். பசி போச்சு, பேக்கரி வந்துச்சு :-)

எனக்குக் கடுப்பு அதில் இல்லை. எந்தத் தெருவில் கேமராவை வச்சாங்களோ, அந்தத் தெருவுக்கே இதைவிட நல்ல கதை இருக்கு.

1794ல் வில்லியம் பெர்ட்ஸி என்ற ஓவியர், ஜெர்மானியக் குடும்பங்களைக் கூட்டிக்கிட்டு நியூயார்க் மாநிலத்திலிருந்து மார்க்கம் காட்டுக்கு வந்தார். அங்கே சொன்ன வாக்குப் பொய்த்துப் போனதால் வந்தவங்க. இங்கேயும் அரசாங்கத்தோடு நிலத் தகராறு, கடன். 1813ல் அதே நியூயார்க்கில் செத்துப் போனார். அவர் வரைந்த ஊல்ஸி குடும்பப் படம் இன்னைக்கு ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கு. நிலம்தான் அவருக்கு நிலைக்கலை. 1840 வாக்கில் ஐரா வைட் கட்டின 'யூனியன் மில்ஸ்' ஆலையால் ஊருக்குப் பெயர் வந்தது. 1871ல் ரயில் வந்தது.

இப்போ முக்கியமான விஷயம். படத்தில் பேக்கரியை இடிக்க வர்றாங்கல்ல? 1960களில் நிஜமாவே வந்தாங்க. கென்னடி சாலையை அகலமாக்கி ஊருக்கு நடுவே கொண்டுபோகத் திட்டம். ஊர்க்காரங்க எதிர்த்து நின்னாங்க. கடைசியில் சாலையே வளைந்து போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் பிழைச்சது அதனாலதான். ஆனா போக்குவரத்து விலகிப் போனதும் தெருவில் கொஞ்ச காலம் வியாபாரமும் படுத்தது. ஜெயிச்சதுக்குக் கொடுத்த விலை. இதை ஒரு கிறிஸ்துமஸ் படத்திலும் காட்ட மாட்டாங்க.

இன்னொண்ணையும் காட்டலை. யூனியன்வில் இருக்கும் மார்க்கம் நகரில், 2016 கணக்கெடுப்புப்படி நாலில் மூணு பேருக்கு மேல் வெள்ளையர் அல்லாதவங்க. சீனர்கள், நம்ம ஆட்கள், எல்லாரும். படத்தில் அந்தத் தெருவில் நடந்தவர்களில் ஒரு தமிழ் முகம் இல்லை. சரி, வெர்மாண்ட்ல ஏது தமிழன்னு விட்டுடலாம்தான். ஆனா அக்கா விடலை. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துட்டாங்க. படப்பிடிப்பு அன்னைக்கு அவங்க மகன் சைக்கிளில் வேடிக்கை பார்க்கப் போயிருக்கான். கயிறு கட்டி, அந்தப் பக்கம் போய் நில்லுன்னு சொல்லிட்டாங்களாம்.

முத்தக் காட்சி வந்தது. நாயகன், நாயகி யாரையும் அக்கா பார்க்கலை.

"தம்பி, உதை ஒருக்கா பின்னால விடுங்கோ. அந்த மரத்துக்குப் பக்கத்தில நீலச் சேர்ட் ஒண்டு தெரிஞ்சதெல்லோ?"

மூணு தடவை பின்னால ஓட்டிப் பார்த்தோம். அது தபால்பெட்டி.